எக்ஸில் 4,100 பேர், வாட்ஸ்அப்பில் 640 பேர்: பலகாரம் வாங்குவது யார்?

பலகார வீடு
24 செப்டம்பர் 2024, இரவு 10.52

வணக்கம். நாங்கள் காரைக்குடிப் பக்கம். அத்தையும் நானும் தெருவில் இருக்கும் இரண்டு அக்காமாரும் சேர்ந்து வீட்டுப் பின்கட்டில் பலகாரம் போடுகிறோம். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம். கல்யாணச் சீர், வளைகாப்பு, தீபாவளி என்றால் ராத்திரி பகல் தெரியாது. மற்ற நாட்களில் வாரத்துக்கு இரண்டு தடவை அடுப்பு எரிந்தால் பெரிய விஷயம்.

2020 ஊரடங்கில் பொழுது போகாமல் ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) ஒரு கணக்கு ஆரம்பித்தேன். அத்தை தேன்குழல் பிழிகிற 20 நொடி வீடியோ ஒன்று எப்படியோ ஊரெல்லாம் சுற்றி, இன்றைக்கு 4,100 பேர் பின்தொடர்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் எண்கள் 640. போன தீபாவளி நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எக்ஸில் பார்த்து வாங்கியவர்கள் 7 பேர். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்து வாங்கியவர்கள் 138 பேர். மிச்சமெல்லாம் போனில் சொல்கிற பழைய வாடிக்கை.

எனக்குத்தான் எக்ஸைப் பயன்படுத்தத் தெரியவில்லை போல என்று நினைத்து, இந்த ஆனியில் ஒரு விளம்பர நிறுவனத்திடம் மாதம் 6,000 ரூபாய்க்கு ஒப்படைத்தோம். தினம் ஒரு படம் போட்டார்கள். "பாரம்பரியச் சுவையின் பயணத்தில் எங்களுடன் இணையுங்கள்" என்று எழுதியிருக்கும். படத்தில் ஜாங்கிரி இருக்கும். நாங்கள் ஜாங்கிரி போடுவதே கிடையாது.

ஆடிக் கடைசியில் அத்தை கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. 12 நாள் ஆஸ்பத்திரி. அடுப்பே எரியவில்லை. அந்த வாரம் பார்த்து, நிறுவனத்தார் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்திருந்த பதிவு தானாகப் போய்விட்டது: "கொண்டாட்டம் ஆரம்பம்! இன்றே ஆர்டர் செய்யுங்கள்!" விஷயம் தெரிந்த தேவகோட்டை ஆச்சி ஒருவர் போன் செய்து, "ஏம்மா, அவுகளைப் படுக்க வச்சிட்டுக் கொண்டாட்டமா?" என்று கேட்டார்கள். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

நிறுவனத்தை நிறுத்தியாயிற்று. தீபாவளிக்கு இன்னும் 5 வாரம். எக்ஸை மூடிவிட்டு வாட்ஸ்அப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? வீட்டு விஷயமும் வியாபாரமும் ஒரே எண்ணில் ஓடுவது சரிதானா? வீட்டுக்காரர் இரண்டையும் பிரி என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

---

ஈரோட்டுத் தறி
25 செப்டம்பர், காலை 6.14

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். பிரியுங்கள்.

நான் போர்வை, துண்டு வியாபாரம். நெடுநாள் ஒரே எண்தான். இரண்டு வருடம் முன்பு புரட்டாசியில் குடும்பத்தோடு திருப்பதி போனேன். மொட்டை போட்ட போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் திருநெல்வேலியிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "என் 40 துண்டு என்னாச்சு? நீங்க அங்க மொட்டை போட்டுக்கிட்டு நிக்கிறீங்க." சரக்கு முந்தின நாளே லாரியில் ஏறிவிட்டது. ஆனாலும் அவர் கேட்டதில் தப்பில்லை. சரக்கு கைக்கு வரும்வரை நாம் என்ன செய்தாலும் வாங்குபவருக்கு ஊர் சுற்றுவதாகத்தான் தெரியும்.

அன்றிலிருந்து இரண்டு சிம். வியாபார எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. 2018லேயே வந்தது, காசு கிடையாது. கடை நேரம் போடலாம், விலைப்பட்டியல் போடலாம், நாம் தூங்கும்போது கேட்பவருக்குத் தானாக ஒரு பதில் போகும். "பணம் வரவேண்டியது" என்று லேபிள் ஒட்டலாம். இந்த ஒரு லேபிளுக்காகவே அந்தச் செயலியைக் கும்பிடுவேன்.

---

சிங்கைச் செல்வி
25 செப்டம்பர், காலை 9.40

நான் விற்பவள் இல்லை, வாங்குபவள். சொல்லலாமா?

என் வாட்ஸ்அப்பில் ஊர்ச் சாமான் விற்பவர்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் ஒரு நாளைக்கு 25, 30 ஸ்டேட்டஸ் வைப்பார். மேலே கோடு கோடாக இருக்கவேண்டியது புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் விரல் தானாகத் தள்ளிவிடும். பிறகு மியூட் செய்துவிட்டேன். நல்ல புடவைகள்தான். ஆனால் மியூட் செய்தது செய்ததுதான்.

இன்னொருவர் திண்டுக்கல் பக்கம் மசாலாப்பொடி அரைக்கிறார். வாரத்துக்கு இரண்டு ஸ்டேட்டஸ். "இன்று மிளகாய் காய்கிறது" என்று மாடியின் படம். அடுத்தது "அரைத்தாயிற்று". அவ்வளவுதான். அவருடையதை நான் தேடிப் போய்ப் பார்ப்பேன். இங்கே இரவு 11 மணி என்றால் அங்கே எட்டரை. படுத்துக்கொண்டு பார்ப்பது அந்த நேரத்தில்தான். வெளிநாட்டு வாடிக்கை வேண்டுமென்றால் ராத்திரி 10 மணிக்கு ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். நாங்கள் தூங்கியிருப்போம்.

---

சந்துக்காரன்
25 செப்டம்பர், பிற்பகல் 2.05

எக்ஸை மூடாதீர்கள் அக்கா. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 280 எழுத்துக்குள் எழுதி எழுதி, இடம் கிடைத்தால் விரிந்துவிடுகிறேன்.

நான் 2010லிருந்து தமிழ் ட்விட்டர் சந்தில் குப்பை கொட்டியவன். ட்வீட்டைக் கீச்சு, எழுதுபவரைக் கீச்சர், நேரில் கூடுவதை ட்வீட்டப் என்றெல்லாம் பேர் வைத்துக்கொண்டு திரிந்த கூட்டம். அந்தத் தளத்தில் இன்று பெரிதாகத் தெரிவதில் பாதி, கம்பெனி கொடுத்தது இல்லை. பேருக்கு முன்னால் அட் (@) போட்டுக் கூப்பிடுவது, ஆர்டி என்று எழுதி அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது, எல்லாம் பயன்படுத்தியவர்களே ஆரம்பித்த பழக்கம். ஹேஷ்டேக்கை 2007ல் கிறிஸ் மெசினா என்ற பயனர்தான் முன்மொழிந்தார். ஆக, அது முதலிலிருந்தே ஆட்கள் பேசிக்கொள்ள வளைத்துக்கொண்ட இடம். கடைக்காரர்கள் பிறகுதான் வந்தார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நான் பெங்களூரில். பெரியம்மா முடிச்சூரில். கீழ்வீட்டில் தண்ணீர், அவர் முதல் மாடியில், கூட இரண்டு கிழவிகள். போன் கிடைக்கவில்லை. விலாசம், பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் பேர், எத்தனை பேர், என்ன வயது, எல்லாவற்றையும் 140க்குள் அடக்கி ஹேஷ்டேக் போட்டு அனுப்பினேன். இளையராஜாவா ரஹ்மானா என்று என்னோடு இரண்டு வருடமாகச் சண்டை போட்ட ஒருவர் அதை எடுத்து, தாம்பரத்தில் தனக்குத் தெரிந்தவருக்கு அனுப்பியிருக்கிறார். மறுநாள் மதியம் படகு போய்விட்டது. அந்த ஆளை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரியம்மா கரையேறி மூன்று நாள் கழித்தும் என் கீச்சு சுற்றிக்கொண்டே இருந்தது. "உங்களை மீட்டாச்சா?" என்று விடாமல் போன். அன்றைக்குச் சென்னையில் நிறையப் பேருக்கு இப்படி நடந்தது. குறுஞ்செய்தியில் நேரம் எழுதவில்லை என்றால் அது சாகாது. வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும், அல்லது கீழேயே "முடிந்தது" என்று போட வேண்டும். உங்கள் "கொண்டாட்டம் ஆரம்பம்" விவகாரமும் இதே நோய்தான். எழுதியவன் ஒரு நாள் எழுதினான், அது வேறொரு நாளில் போய் நின்றது.

வியாபாரத்துக்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சலஸில் கோகி என்று ஓர் உணவு வண்டி. 2008 கடைசியில் ஆரம்பித்தது. கொரிய இறைச்சியை மெக்சிகோ டாக்கோவில் வைத்துத் தருவார்கள். சமையல்காரர் ராய் சோய். வண்டி ஒரு இடத்தில் நிற்காது. இன்று ராத்திரி எந்தத் தெருமுனை என்று ட்விட்டரில் ஒரு வரி போடுவார்கள், ஜனம் வரிசையில் நின்றது. அதைப் பார்த்துவிட்டு உலகமெல்லாம் ட்விட்டர் மார்க்கெட்டிங் என்று பாடம் எடுத்தார்கள். பாடம் எடுத்தவர்களில் பலர் விட்ட விஷயம் ஒன்று: அந்த வரி இல்லாவிட்டால் சாப்பிடுபவனுக்கு வண்டி எங்கே என்றே தெரியாது. அவனுக்கு அது தேவை. "பாரம்பரியச் சுவையின் பயணத்தில் இணையுங்கள்" என்பது யாருக்குத் தேவை?

---

கணக்குப்பிள்ளை
25 செப்டம்பர், இரவு 8.31

பலகார வீடு அம்மா, உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை. 7 பேர், 138 பேர் என்று தலையை எண்ணியிருக்கிறீர்கள். கிலோவை எண்ணினீர்களா? அந்த 7 பேர் யார், யார் சொல்லி வந்தார்கள், திரும்ப வாங்கினார்களா? நோட்டை இன்னொரு தடவை எடுங்கள்.

அதுவரை சில நடைமுறை விஷயங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ப்ராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். சாதாரணமாக ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பக்கமும் எண் சேமித்திருக்க வேண்டும். 640 எண் உங்களிடம் இருப்பது பெரிதில்லை. உங்கள் எண் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. பொட்டலத்தோடு ஒரு சீட்டு வையுங்கள், "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று.

முகம் தெரியாதவர்களுக்கு மொத்தமாக அனுப்பவே அனுப்பாதீர்கள். பலர் பிளாக் செய்து புகாரும் கொடுத்தால் எண்ணே முடங்கலாம். என் மச்சினன் ஒரு கல்யாண மண்டபத்து வருகைப் பதிவேட்டிலிருந்து 900 எண்ணை எடுத்து ஒரே ராத்திரியில் அனுப்பினான். காலையில் எண் போயிற்று. பத்து வருட எண்.

பழையபடி எஸ்எம்எஸ் அனுப்பலாமே என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். விளம்பர எஸ்எம்எஸ் தொல்லை தாங்காமல்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2011ல் ஒரு சிம்முக்கு நாளைக்கு 100 என்று கட்டி, பிறகு 200 ஆக்கியது. இப்போது வியாபாரச் செய்தி என்றால் அனுப்புநர் பெயர், செய்தியின் மாதிரி எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். பின்கட்டுப் பலகாரத்துக்கு அது கட்டாது. போதாக்குறைக்குத் தமிழ். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து கொள்ளும், தமிழில் 70தான். அந்த 70ம் நம் இலக்கணக் கணக்கில் இல்லை. "தேன்குழல்" நமக்கு 5 எழுத்து. கணினி இரட்டைக்கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனியாக எண்ணி 9 என்று சொல்லும். எக்ஸிலும் அதே கணக்குதான். ட்விட்டர் 140 என்று வைத்ததே எஸ்எம்எஸ்ஸின் 160ல் 20ஐப் பேருக்கு ஒதுக்கிவிட்டுத்தான். 2017ல் 280 ஆக்கியபோது தமிழில் எழுதுபவனுக்குத்தான் உண்மையில் மூச்சு வந்தது.

கேட்காமலேயே ஒன்று: உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா? 14 இலக்க எண். பொட்டலத்தில் அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எக்ஸில் மேலே குத்தி (பின் செய்து) வையுங்கள். முகம் தெரியாதவரிடம் தின்பண்டம் வாங்க யோசிப்பவருக்கு அது ஒரு பிடிமானம்.

---

பலகார வீடு
26 செப்டம்பர், இரவு 11.20

பதிவு இருக்கிறது ஐயா. படம் போட்டுவிட்டேன்.

நோட்டைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

138 பேரும் சேர்ந்து வாங்கியது 270 கிலோ சொச்சம். ஆளுக்கு இரண்டு கிலோ. எக்ஸில் வந்த 7 பேர் தீபாவளிக்கு வாங்கியது வெறும் 11 கிலோ. ஆனால் அதில் கோவைக்காரர் ஒருவர் தை மாதம் மகள் கல்யாணச் சீருக்கு 85 கிலோ போட்டார். நான் அதைச் சீர்க் கணக்கில் எழுதியிருந்தேன், எக்ஸ் என்று எழுதவில்லை. அவர் சம்பந்தி வீட்டில் இந்த ஆவணியில் 30 கிலோ.

இன்னொன்று. அந்த 7 பேரில் 5 பேர் என் பதிவைப் பார்த்து வரவில்லை. திருச்சியில் ஒரு ஆசிரியை, எங்களிடம் வாங்கிய சீப்புச் சீடையைப் படம் எடுத்து "எங்க அப்பாயி கையில சாப்பிட்ட மாதிரி" என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து வந்தவர்கள். நான் அந்தப் பதிவுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அப்போது கணக்கு அந்த நிறுவனத்தின் கையில்கூட இல்லை, என் கையில்தான் இருந்தது. அடுப்படியில் இருந்திருப்பேன்.

---

சந்துக்காரன்
26 செப்டம்பர், இரவு 11.34

இப்போது போய்ச் சொல்லுங்கள். வருடம் கழித்துச் சொன்னாலும் நன்றி நன்றிதான்.

---

பழைய தந்தி
27 செப்டம்பர், காலை 5.48

தம்பிமார் பேசுவதைப் படித்துக்கொண்டே வந்தேன். நான் தந்தி அலுவலகத்தில் 31 வருடம் இருந்தவன். இந்தியாவில் தந்தி நின்றது 2013 ஜூலையில். கடைசி நாள் கூட்டத்தை நான் போய் வேடிக்கைதான் பார்த்தேன், அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன்.

உங்களுக்கு 140, 280 என்று கட்டுப்பாடு. எங்கள் காலத்தில் காசுதான் கட்டுப்பாடு. வார்த்தைக்குக் காசு. படிவத்தை வாங்கி ஜனங்கள் எழுதுவதைப் பார்க்க வேண்டும். முதலில் பத்து வரி எழுதுவார்கள். நான் எண்ணித் தொகையைச் சொன்னதும் பென்சிலை வாங்கி அடிப்பார்கள். "மிகவும்" போகும். "தயவுசெய்து" போகும். கடைசியில் நிற்பது யாருக்கு என்ன ஆயிற்று, எப்போது வரவேண்டும். அழுதுகொண்டு எழுதியவர்கள்கூட அழகாக அடித்துவிடுவார்கள்.

வியாபாரிகள் இன்னும் கெட்டி. பருத்தி மண்டிக்காரர் ஒருவர் மூன்றே வார்த்தையில் அன்றைய விலை, மூட்டை எண்ணிக்கை, வாங்கு அல்லது விடு என்று சொல்லிவிடுவார். சங்கேதம்தான். பெரிய கடைகள் தந்தி விலாசம் என்று ஒற்றைச் சொல்லைக் கட்டணம் கட்டிப் பதிவு செய்துகொள்ளும். பழைய பில்லில் மேல்மூலையில் "தந்தி:" என்று போட்டு ஒரு பேர் இருக்கும், பார்த்திருப்பீர்கள். நீங்கள் இன்று அட் போட்டுப் பேர் வைத்துக்கொள்கிறீர்களே, அது புதிதில்லை.

ஒரு விஷயம் மட்டும் மாறிவிட்டது. தந்தி வந்தால் வீடே பதறும், யாரும் படிக்காமல் விடமாட்டார்கள். உங்களுடையது இலவசம், அதனால் யாரும் மதிப்பதில்லை. செல்வி சொன்ன அந்தப் புள்ளிகள் அதற்குச் சாட்சி.

---

ஈரோட்டுத் தறி
27 செப்டம்பர், காலை 7.02

ஐயா எழுதியது அருமை. ஆனால் நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பிரிக்க வேண்டுமா வேண்டாமா? நட்பு, பாசம் எல்லாம் சரி. உறவுக்காரரிடம் விலை சொல்ல முடியாமல் 15 சதவீதம் குறைத்துக் குறைத்து நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். வியாபார எண் வந்தபிறகு பட்டியலில் விலை இருக்கிறது, என் வாயால் சொல்ல வேண்டியதில்லை. சங்கடமே இல்லை.

---

சிங்கைச் செல்வி
27 செப்டம்பர், காலை 10.15

அண்ணே, உங்களிடம் துண்டு வாங்குபவருக்கு உங்களைத் தெரிய வேண்டியதில்லை. துண்டைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இவர்களுடையது வாயில் போடுவது. யார் கை என்று தெரியாமல் எப்படி வாங்குவது? எண் இரண்டாக இருக்கட்டும், ஆள் ஒன்றாக இருக்கட்டும். மொட்டைப் படம் சொந்த எண்ணில், அத்தை கை வியாபார எண்ணில்.

---

ஈரோட்டுத் தறி
27 செப்டம்பர், காலை 10.21

துண்டைத் தொட்டுப் பார்த்தால் தெரியும் என்றால், பாதிப் பேர் போட்டோவைப் பார்த்துத்தானம்மா வாங்குகிறார்கள். இருந்தாலும் கடைசி வரி நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

---

மட்டுறுத்துநர்
27 செப்டம்பர், பிற்பகல் 1.00

எக்ஸை வாங்கிய எலான் மஸ்க் நல்லவரா கெட்டவரா என்று தொடங்கிய 14 பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். 2022ல் வாங்கினார், 2023ல் பேரை மாற்றினார், மாஸ்டடான், ப்ளூஸ்கை, த்ரெட்ஸ் என்று வேறு தளங்களுக்கு ஆட்கள் பிரிந்தார்கள். இந்த இழைக்கு அவ்வளவு போதும். பலகாரத்துக்குத் திரும்புங்கள்.

---

பலகார வீடு
14 அக்டோபர், இரவு 9.30

மன்னிக்கவும், இரண்டு வாரம் இந்தப் பக்கம் வரமுடியவில்லை. வியாபாரத்துக்குத் தனி எண் வாங்கிவிட்டேன். பழைய எண்ணில் "இனி பலகாரத்துக்கு இந்த எண், சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒவ்வொருவருக்கும் பேர் போட்டு எழுதினேன். மொத்தமாக அனுப்பவில்லை. நாளைக்கு 40 பேர் என்று 16 நாள். இன்றோடு முடிந்தது. 410 பேர் பதில் எழுதினார்கள்.

திருச்சி ஆசிரியைக்கும் எழுதினேன். "பரவாயில்லம்மா, நீங்க பிஸியா இருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார்கள். இரண்டு கிலோ கேட்டார்கள். இலவசமாக அனுப்புகிறேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டு பணம் போட்டுவிட்டார்கள்.

நாளை முதல் தீபாவளிச் செய்தி போடவேண்டும். இதுதான் எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"தீபாவளிப் பலகாரம் ஆர்டர் ஆரம்பம்! சுத்தமான எண்ணெயில், வீட்டு முறையில், பாரம்பரியச் சுவையில் தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை கிடைக்கும். விலைக்குத் தொடர்புகொள்ளவும்."

---

கணக்குப்பிள்ளை
14 அக்டோபர், இரவு 9.41

"விலைக்குத் தொடர்புகொள்ளவும்" என்று போட்டால் நானே வந்து அழிப்பேன்.

---

பழைய தந்தி
14 அக்டோபர், இரவு 9.58

அம்மா, கொஞ்சம் பென்சிலைக் கொடுங்கள்.

"சுத்தமான" என்று போடாதவர் யார்? அழுக்கு எண்ணெய் என்று எவனாவது எழுதுவானா? போகட்டும். "பாரம்பரிய" போகட்டும், காரைக்குடி என்றாலே அது வந்துவிட்டது. "ஆரம்பம்" போகட்டும். நாலு பலகாரம் வேண்டாம், ஒன்று போதும். நாளை உண்மையில் என்ன செய்யப் போகிறீர்கள்?

---

பலகார வீடு
14 அக்டோபர், இரவு 10.06

அதிரச மாவைப் பாகில் போட்டு வைக்கப் போகிறோம். மூன்று நாள் ஊறினால்தான் பதம். வெள்ளி சுடுவோம். 40 கிலோதான் போடமுடியும், அத்தை எழுந்து நிற்க முடியாது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பார்ப்பார்கள். இத்தனை வருடமும் அவர்கள்தான் தட்டுவது. இந்தத் தடவை நான்.

---

பழைய தந்தி
14 அக்டோபர், இரவு 10.09

இதோ எழுதிவிட்டீர்களே. இதையே போடுங்கள்.

---

சந்துக்காரன்
14 அக்டோபர், இரவு 10.25

நான் கோத்துப் பார்க்கிறேன்:

"அதிரச மாவு இன்று பாகில் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை சுடுகிறோம். 40 கிலோ, கிலோ 480 ரூபாய். சென்னை, கோவைக்குச் சனிக்கிழமை கூரியர். அத்தை உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார்கள், தட்டுவது இந்தத் தடவை நான்."

480 நானாகப் போட்டது, மாற்றிக்கொள்ளுங்கள். கூட மாவு இருக்கும் பித்தளை அண்டாவின் படம். உங்கள் பேர் எழுதிய டிசைன் கட்டம் வேண்டாம்.

---

கணக்குப்பிள்ளை
14 அக்டோபர், இரவு 10.40

எண்ணிப் பார்த்தேன். கணினிக் கணக்கில் 200க்குள் நிற்கிறது. எக்ஸில் தாராளமாகப் போகும். எஸ்எம்எஸ்ஸாக இருந்தால் 3 செய்திக் காசு.

---

ஈரோட்டுத் தறி
14 அக்டோபர், இரவு 10.44

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். கை மாறியது என்று நீங்களே ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும்? வாங்க இருப்பவன் யோசிப்பான்.

---

சிங்கைச் செல்வி
15 அக்டோபர், காலை 7.30

அந்த வாக்கியம் இருந்தால்தான் நான் வாங்குவேன்.

---

பலகார வீடு
20 அக்டோபர், மாலை 6.15

விலை 480தான், சந்துக்காரன் தம்பிக்கு எப்படித் தெரிந்ததோ. கடைசி வாக்கியத்தை எடுக்கவில்லை. செவ்வாய் சாயந்திரம் 7 மணிக்கு வியாபார எண்ணில் ஸ்டேட்டஸ் வைத்தேன், எக்ஸிலும் அதையே போட்டேன்.

புதன் மதியத்துக்குள் 40 கிலோவும் முடிந்தது. உடனே இரண்டிலும் "முடிந்தது, அடுத்தது செவ்வாய்" என்று போட்டுவிட்டேன். எக்ஸிலிருந்து மூன்று பேர், நாலரைக் கிலோ. நோட்டில் இந்தத் தடவை யார் சொல்லி வந்தார்கள் என்று தனியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.

ஈரோட்டு அண்ணன் சொன்னதும் நடந்தது. பள்ளத்தூர்ப் பெரியவர் ஒருவர், 20 வருட வாடிக்கை, "அவுக கை இல்லையா, அப்ப அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று மூன்று கிலோவை வேண்டாம் என்றுவிட்டார். வருத்தமாகத்தான் இருந்தது. அத்தையிடம் சொன்னதற்கு, "சொல்லாம அனுப்பியிருந்தா ஒரு வில்லையிலயே கண்டுபிடிச்சிருப்பாக" என்றார்கள்.

மற்றபடி ஆர்டர் போடாத அறுபது எழுபது பேர் அத்தையின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் இன்னும் பதில் போட்டுக்கொண்டிருக்கிறேன். தானியங்கிப் பதிலை அணைத்துவிட்டேன். "உங்கள் செய்திக்கு நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்" என்று தேவகோட்டை ஆச்சிக்குப் போய்விட்டால் இன்னொரு தடவை வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும்.

---

ஈரோட்டுத் தறி
20 அக்டோபர், மாலை 6.50

மூன்று கிலோ, 1,440 ரூபாய். நான் சொன்னேன் என்று மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். அந்த மூன்று கிலோவை எனக்கு அனுப்பியிருக்கலாம்.

---

பழைய தந்தி
21 அக்டோபர், காலை 5.30

அதிரசம் இரண்டு கிலோ அனுப்பவும். விலாசம் தனிமடலில்.

---

பலகார வீடு
21 அக்டோபர், காலை 6.05

நாளை சுடுகிறோம் ஐயா, வியாழன் கையில் இருக்கும். ஈரோட்டு அண்ணனுக்கும் சேர்த்து ஒதுக்கி வைக்கிறேன். எண்ணைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன், இரண்டு பேரும் மறக்காமல் சேமித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் என் ஸ்டேட்டஸ் உங்களுக்கு வராது.